கூழுக்கு வாருங்கோ

(எமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டமொன்றில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை. ஒலிப்பதிவிலிருந்து எழுதப்பட்டு உரையாளரால் சரிபார்க்கப்பட்டது.)



செயலாளர் பிள்ளை எனக்குத் தொலைபேசி எடுத்து, "அன்ரி, இல்லத்தில் விருந்தோம்பல் எண்ட தலைப்பிலை இருபது நிமிடம் பேச வேணும்" என்றபோது, வேறு ஆள் கிடைக்கவில்லையா என்றுதான் நான் முதலில் கேட்டேன். இந்த மண்டபத்தில் என்னிலும் நன்றாகச் சமைக்கிறவர்கள் பத்துப் பேராவது இருக்கிறீர்கள். என்னுடைய சோறு இன்றைக்கும் சில நாட்களில் குழைந்துதான் போகும். ஆனால் சிநேகிதிகளை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு கொடுக்கிற விஷயத்தில் நான் ஒரு பெரிய பிழை விட்டிருக்கிறேன். அதைப் பற்றிப் பேசலாம் என்றால் வருகிறேன் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சம்மதித்தார்.

நாங்கள் படித்த காலத்தில் மனையியல் வகுப்பு இருந்தது. விருந்து என்றால் என்ன என்பதை அங்கேதான் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். மேசைவிரிப்பின் ஓரம் எவ்வளவு தொங்க வேண்டும், கரண்டி எந்தப் பக்கம், முள்ளுக்கரண்டி எந்தப் பக்கம், துவாயை எப்படி விசிறி மாதிரி மடிப்பது எல்லாம் படித்தோம். கட்லற்றும் சூப்பும் செய்தோம். எங்கள் வீடுகளில் முள்ளுக்கரண்டியே கிடையாது. இருந்தாலும் பரீட்சையில் படம் கீறிப் புள்ளி எடுத்தோம். அந்த வகுப்பில் கேட்டதில் ஒன்று மட்டும் இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது. ஆட்களைக் கூப்பிட்ட அன்றைக்குப் புதுக்கறி செய்து பார்க்காதே, கை பழகினதைச் செய் என்று ரீச்சர் சொன்னது. நான் அதைக் கேளாமல் விட்ட நாளெல்லாம் பட்டிருக்கிறேன்.

வீட்டில் பார்த்தது வேறு. எங்கள் வீட்டுக்கு ஆட்கள் வந்தால் அம்மா விடிய நாலு மணிக்கு எழும்புவா. ஆம்பிளையள் முதற் பந்தி, பிள்ளைகள் இரண்டாம் பந்தி, வந்த பெண்கள் மூன்றாம் பந்தி. அம்மா எந்தப் பந்தியிலும் இல்லை. எல்லாரும் போன பிறகு குசினிக்குள் பலகையில் இருந்து, சட்டியில் ஒட்டியிருப்பதற்குள் சோற்றைப் போட்டுப் பிசைந்து சாப்பிடுவா. அம்மாவைப் பார்க்கவென்றே கரவெட்டியிலிருந்து ஒரு சிநேகிதி வருவா. அவவும் அம்மாவும் ஒன்றாயிருந்து கதைத்ததை நான் கண்டதில்லை. "இன்னும் கொஞ்சம் போடட்டோ", "காணும் காணும்" என்பதுதான் அவர்களுடைய கதை. படலையடியில் நின்று இரண்டு வார்த்தை பேசுவார்கள், அதற்குள் பஸ் வந்துவிடும்.

இதையெல்லாம் கண்ட நான், கலியாணம் முடித்துத் தனிக்குடித்தனம் வந்ததும் என்ன செய்தேன்? அம்மா செய்ததையும் மனையியல் வகுப்பில் படித்ததையும் கலந்து செய்தேன். எழுபதுகளின் கடைசி. அவருக்கு அரசாங்க உத்தியோகம், வீட்டில் குளிர்ப்பெட்டி, புதுக் கண்ணாடிப் பிளேற்றுகள். பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்த நாங்கள் ஐந்து பேர். மற்ற நாலு பேரையும் இராச்சாப்பாட்டுக்குக் கூப்பிட்டேன். இடியப்பம், புட்டு, கோழிக்கறி, ஆட்டிறைச்சிப் பிரட்டல், இறால் குழம்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, சொதி, சம்பல், கட்லற், சலாது, வட்டிலப்பம். மேசையில் கை வைக்க இடமில்லை. நான் குசினிக்கும் மேசைக்கும் நடந்தபடி. அவர்கள் சிரித்த சத்தம் குசினிக்குள் கேட்டது. என்ன சொல்லிச் சிரித்தார்கள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

இப்படி இரண்டு முறை நடந்தது. மூன்றாம் முறை கூப்பிட்டபோது ஐவரில் ஒருத்தி வரவில்லை. பெயர் சொல்ல மாட்டேன், உங்களில் சிலருக்குத் தெரியும். மகனுக்குக் காய்ச்சல் என்றாள். அடுத்த முறை மாமிக்குச் சுகமில்லை. பிறகு நானும் கூப்பிடுவதை விட்டுவிட்டேன். அவளுக்குப் பெருமை வந்துவிட்டது என்று மற்றவர்களிடம் சொன்னேன். ஆமாம், அப்படித்தான் சொன்னேன். அவளுடைய புருஷனின் கடை 1981 இல் எரிந்துபோனதும், அவள் தையல் மெஷினை வைத்து மூன்று பிள்ளைகளை வளர்த்ததும் எனக்குத் தெரியும். தெரிந்தும் அப்படிச் சொன்னேன். பதினைந்து வருஷம் கோயில் வாசலில் கண்டால் சிரித்துவிட்டுப் போகிற ஆட்களாக இருந்தோம்.

1995 ஒக்டோபர் 30 ஐ இங்கே யாருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. அன்றிரவு மழைக்குள் நாவற்குழிப் பாலம் கடந்த சனத்துக்குள் நாங்களும் இருந்தோம். கொடிகாமத்தில் ஒரு வீட்டில் ஐந்து குடும்பம். வந்து மூன்றாம் நாள் கிணற்றடியில் தண்ணீர் அள்ளப் போகிறேன், அங்கே அவள் வாளியோடு நிற்கிறாள். அடுத்த வளவில் மாட்டுக்கொட்டிலைத் துப்புரவாக்கி இருந்தார்களாம். நான் அழுதேன், அவள் அழவில்லை. "தண்ணியை அள்ளு, பின்னாலை வரிசை நிக்குது" என்றாள்.

ஒரு கிழமை கழித்து அந்த வீட்டுக்காரம்மா ஒடியல் மா கொஞ்சம் எடுத்துத் தந்தா. தென்மராட்சி என்றால் பலாவுக்குக் குறைவில்லை, பலாக்கொட்டை கிடந்தது. வேலியோரம் முருங்கை. ஒரு குடும்பம் மரவள்ளிக்கிழங்கு கொண்டு வந்தது. யாரோ கச்சாய்ப் பக்கம் போய்ச் சின்ன இறால் வாங்கி வந்தார்கள். நெத்தலிக் கருவாடு எங்களிடம் இருந்தது. அவள் பழப்புளியும் செத்தல் மிளகாயும் கொண்டு வந்தாள். வீட்டை விட்டு ஓடி வரும்போது அவள் தூக்கிக்கொண்டு வந்தது தையல் மெஷினின் தலையையும் அந்தப் புளிப் பானையையும்தான். முற்றத்தில் மூன்று கல் வைத்து, காய்ந்த கங்குமட்டையும் கொக்கறையும் எரித்துக் கூழ் காய்ச்சினோம். பிலாவிலையைக் கோலி ஈர்க்குக் குத்தினோம். சுற்றிவர நிலத்தில் இருந்தோம். அகப்பை ஒன்றுதான். ஊற்றுகிறவள் ஊற்றிவிட்டுத் தானும் குந்திக் குடிக்கிறாள். அடுத்த சுற்றுக்கு இன்னொருத்தி ஊற்றுகிறாள். அந்த நேரம்தான் நான் கேட்டேன், "ஏனடி எங்கடை வீட்டுக்கு வாறதை விட்டனி?" என்று.

"நீ பதினொரு சாமான் வைச்சாய். நான் திருப்பிக் கூப்பிட்டால் என்னத்தை வைக்கிறது?" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். பிறகு பிலாவிலையை நீட்டி, "ஊத்து" என்றாள்.

தங்கச்சிமாரே, விருந்தோம்பல் என்ற தலைப்புக்கு நான் கொண்டுவந்த சரக்கு இதுதான். அவள் என் வீட்டில் சாப்பிட்ட ஒவ்வொரு கறியும் அவளுக்கு ஒரு கடனாக ஏறியிருக்கிறது. நான் அன்பு என்று நினைத்துக் கொடுத்தேன். கொஞ்சம் புழுகத்துக்காகவும் கொடுத்தேன், அதையும் மறைக்கக் கூடாது. திருப்பிக் கூப்பிட வழியில்லாத ஒருத்திக்கு அப்படி ஒரு மேசை போட்டால், வராதே என்று வாயால் சொல்லத் தேவையில்லை.

1996 சித்திரையில் திரும்பி வந்தோம். என் வீட்டுக் கண்ணாடிப் பிளேற்று ஒன்றும் மிஞ்சவில்லை. நல்லதாய்ப் போயிற்று என்று அப்போது சொல்ல மனம் வரவில்லை, இப்போது சொல்லலாம். முதல் கூழை அவள்தான் காய்ச்சினாள், கூரையில் பாதி இல்லாத அவளுடைய வீட்டு முற்றத்தில். மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலுக்குள் துளி மண்ணெண்ணெய் விட்ட விளக்கு ஒன்று, அதுவும் மா கரைக்கும்போது மட்டும். மிச்சத்துக்கு நிலா. அன்றிலிருந்து இன்றுவரை, இருக்கிற ஆட்களோடு, நடத்திக்கொண்டு வருகிறோம்.

செய்முறையைச் சொல்லாவிட்டால் செயலாளர் பிள்ளை கோவிப்பார். இங்கே இளம் ஆட்களில் பலர் கூழைக் கடையில்தான் குடித்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன், ஆகவே விபரமாகச் சொல்கிறேன். இது ஆடிப்பிறப்புக்குக் காய்ச்சுகிற இனிப்புக் கூழ் இல்லை, உறைப்புக் கூழ்.

பனங்கொட்டையைப் பாத்தி போட்டு, முளைத்த கிழங்கைத் தை மாசியில் கிண்டி, தோலுரித்து, பச்சையாகவே பிளந்து வெயிலில் காயப்போட்டால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் அது புழுக்கொடியல், சப்பித் தின்ன நல்லது. கூழுக்கு வேண்டியது ஒடியல் மா. பனை அபிவிருத்திச் சபையின் விற்பனை நிலையங்களிலும் சந்தையிலும் எடுக்கலாம். பன்னிரண்டு பேருக்கு அரைக் கிலோ காணும். அந்த மாவை முதலே நிறையத் தண்ணீரில் கரைத்து அடைய விடுங்கள். மேலே மிதக்கிற தும்பையும் தெளிந்த தண்ணீரையும் ஊற்றிவிட்டு மறுபடி தண்ணீர் விடுங்கள். இப்படி இரண்டு மூன்று தரம். கசப்பு இதிலேதான் போகும். அவசரப்பட்டு இதை விட்டால் நாக்கு மட்டுமில்லை, வயிறும் குழம்பும். வந்த ஆட்கள் அடுத்த முறை வரமாட்டார்கள்.

பெரிய பானையில் தண்ணீர் கொதிக்கும்போது ஒரு பிடி அரிசி, இருபது இருபத்தைந்து பலாக்கொட்டை, துண்டு துண்டாய் மரவள்ளி, விரல்நீளம் முறித்த பயிற்றங்காய். இவை அரை அவியலாக வந்ததும் மீன். கூழுக்குச் சதை மீனை விடத் தலையும் சின்ன மீனும்தான் சுவை. ஒரு கிலோ மீன், ஐந்தாறு நண்டை உடைத்தது, கால் கிலோ இறால். நண்டை முதல் நாள் வாங்கிக் குளிர்ப்பெட்டியில் வைக்காதீர்கள். காலையில் பாசையூருக்கோ குருநகருக்கோ ஒருவர் போகட்டும். மஞ்சளும் உப்பும் போடுங்கள். பதினைந்து செத்தல் மிளகாயை அம்மியில் மைபோல் அரைத்து, கரைத்த பழப்புளியோடும் அடைந்த ஒடியல் மாவோடும் சேர்த்துக் கலக்கி, பானைக்குள் ஒருவர் ஊற்ற இன்னொருவர் துழாவ வேண்டும். தனி ஆளாக ஊற்றித் துழாவினால் கட்டிபடும். முருங்கை இலை கடைசியில். மா அவிந்து பளபளப்பாக வரும்போது இறக்குங்கள். பானையில் இருக்கும்போது கொஞ்சம் தண்ணியாகத் தெரிய வேண்டும், ஆற ஆற இறுகும். கடிக்கத் தேங்காய்ச் சொட்டு.

சைவக்காரர் இருந்தால் மீன் போடமுன் இன்னொரு சட்டியில் எடுத்து வைத்து, அதை வேறு அகப்பையால் முடியுங்கள். அதற்குள் பூசணித்துண்டு போட்டால் நன்றாயிருக்கும். வெள்ளிக்கிழமை கூழ் நாள் வைக்காதீர்கள், பாதிப் பேர் வரமாட்டார்கள். பிள்ளைகளுக்கு உறைப்புப் போடமுன் எடுத்துவைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். நாங்கள் எடுத்து வைத்ததில்லை. மூக்கால் தண்ணீர் வடிய வடியக் குடித்துத்தான் அவர்கள் பழகினார்கள்.

பிலாவிலை என்றேன். இப்போது கூழ் விழா வைக்கிற இடங்களில் சிரட்டையில் ஊற்றிக் கொடுப்பது அழகு என்று ஆகிவிட்டது. செய்கிறவர்களைக் குறை சொல்லவில்லை. நான் மட்டும் சிரட்டையில் ஊற்றுவதில்லை. அப்பாச்சி வீட்டில் வேலி அடைக்க வருகிற ஐயா ஒருவருக்குத் தேத்தண்ணீரைச் சிரட்டையில்தான் கொடுப்பார்கள். அவர் முற்றத்தில் குந்தியிருந்து குடித்துவிட்டு அதை வேலிக்கப்பால் எறிவார். எங்களுக்கு மூக்குப்பேணி. எங்கள் ஊர் விருந்தோம்பலைப் பற்றிப் பெருமையாகப் பேசும்போது அந்த ஐயாவின் முகம் எனக்கு வந்துவிடுகிறது. படலையைத் திறந்து வைத்தோம் என்கிறோம், உண்மைதான். எல்லோரையும் எதுவரை வரவிட்டோம் என்பதும் உண்மைதான். அந்தக் காலத்தில் எங்கள் பள்ளிக்கூட விடுதியில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே மேசையில் இருந்து ஒரே சட்டியில் எடுத்துச் சாப்பிட்டார்கள் என்று சொல்லுவார்கள். அதைப் பெரிய மதிப்பாக நான் வைத்திருக்கிறேன். வீடுகளுக்குள் அது வந்துசேர எவ்வளவு காலம் எடுத்தது என்று அவரவர் வீட்டை அவரவர் யோசித்துப் பாருங்கள்.

கூழ் எல்லோருக்கும் பிடிக்காது, தெரியும். கொழும்பிலிருந்து வந்த சங்கத் தங்கச்சி ஒருவர் என் வீட்டில் முதல் வாய் வைத்துவிட்டு முழித்த முழியை மறக்க ஏலாது. கூழ் வேண்டாம் என்றால் இடியப்பமும் ஒரு குழம்பும் சொதியும் சம்பலும் வையுங்கள். நாலு போதும். இடியப்பத்தைப் பின்னேரமே அவித்து மூடி வைக்கலாம், சாப்பிட முன் ஒரு ஆவி காட்டினால் மெதுமை வந்துவிடும். இறைச்சிக் குழம்பை மத்தியானமே வைத்துவிட்டால் இரவு இன்னும் சுவை. சொதி ஒன்றைத்தான் கடைசி நேரம் வைக்க வேண்டும், அதுவும் அடுப்பால் இறக்கிய பிறகு தேசிக்காய்ப் புளி விட வேண்டும், புளி விட்டுக் கொதிக்க வைத்தால் திரைந்துவிடும். அந்தச் சொதி கொதிக்கிற பத்து நிமிடத்துக்கு வந்த ஆட்களைக் குசினிக்குள் கூப்பிடுங்கள். தேங்காய் துருவ விடுங்கள், வெங்காயம் உரிக்க விடுங்கள். "நீங்கள் இருங்கோ, நான் பாக்கிறன்" என்று சொல்வதுதான் மரியாதை என்று எங்களுக்குப் பழக்கியிருக்கிறார்கள். கை வேலையாக இருக்கும்போதுதான் ஆட்கள் மனம்விட்டுக் கதைப்பார்கள். வெங்காயம் உரிக்கிறவள் அழுதாலும் யாரும் காரணம் கேட்க மாட்டார்கள், அது ஒரு வசதி.

வருகிறவர்கள் ஒவ்வொரு சாமான் கொண்டு வரட்டும். இதைச் சொல்லக் கூச்சம் என்று பலர் எனக்குச் சொன்னார்கள். வெறுங்கையோடு வருகிறவளுக்கு வேறு விதத்தில் கூச்சம். ஒருத்தி நண்டு, ஒருத்தி பயிற்றங்காய், வசதி குறைந்தவள் வளவில் ஒடித்த முருங்கைக் கெட்டு. பானைக்குள் போன பிறகு எது யாருடையது என்று யார் கண்டது?

இப்போது எல்லாம் மண்டபம், கேற்றரிங் என்று ஆகிவிட்டது. பிறந்தநாளுக்கும் மண்டபம், வெளிநாட்டிலிருந்து வந்தவர் ஊராருக்குச் சாப்பாடு கொடுப்பதற்கும் மண்டபம். எங்கள் சங்க இராப்போசனம்கூட ஹோட்டலுக்குப் போய்ப் பல வருஷம். அது தேவைதான், இருநூறு பேரை யாருடைய முற்றத்தில் இருத்துவது? ஆனால் அன்றைக்கு நுழைவுச்சீட்டின் விலையைப் பார்த்து வராமல் நிற்கிற சிலர் இருக்கிறார்கள். அவர்களும் மகனுக்குக் காய்ச்சல் என்றுதான் சொல்லுவார்கள். செயற்குழு இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்று இந்தச் சந்தர்ப்பத்தில் கேட்டுக்கொள்கிறேன். தலைவி என்னைப் பார்க்கிறா, பரவாயில்லை.

2022 இல் காஸ் வரிசையில் நின்று களைத்த காலத்தில் எங்கள் கூழ் ஒரு மாதமும் நிற்கவில்லை. விறகும் பழைய கல்லும் இருந்தன. வாங்கிலிருந்த ஐவரில் ஒருத்தி இலண்டனில், ஒருத்தி ரொறன்ரோவில். கூழ் அன்றைக்கு வட்ஸ்அப்பில் முகம் காட்டுவார்கள், ரொறன்ரோக்காரிக்கு அப்போது விடியற்புறம். பொதியில் வாங்கிய ஒடியல் மாவில் அங்கே காய்ச்சிப் பார்த்தாளாம், பிலாவிலைதான் இல்லையாம். ஒருத்தி காலமாகிவிட்டாள். மிச்சம் நானும் அவளும். இரண்டு பேரும் தனி வீட்டில் தனி ஆட்கள், பிள்ளைகள் எல்லாம் வெளியில். என்னுடைய வகுப்பில் அப்படி இருக்கிறவர்களை எண்ணிப் பார்த்தேன், ஒன்பது பேர். மத்தியானம் ஒரு சுண்டு அரிசி போட்டு இரவுக்கும் அதையே வைத்துக்கொள்கிறவர்கள். சங்கத்துக்கு வராதவர்களும் அதில் இருக்கிறார்கள்.

ஆகவே ஒரு அறிவித்தலோடு முடிக்கிறேன். வருகிற ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்கு அவளுடைய வீட்டில் கூழ். அவளிடம் அனுமதி கேட்டுத்தான் சொல்கிறேன். மாவும் புளியும் அவள் பொறுப்பு, பிலாவிலை நான் கோலி வைப்பேன். நண்டு வாங்க ஒருவர் வேண்டும், மோட்டார் சைக்கிள் ஓடக்கூடிய தங்கச்சி யாராவது. துழாவக் கைப்பலம் உள்ள இரண்டு பேர் வேண்டும், எங்கள் இருவருக்கும் தோள்மூட்டு நோ. மற்றவர்கள் கிடைத்த மரக்கறி. இங்கே வராத ஒருத்தியையாவது ஒவ்வொருவரும் கூட்டி வாருங்கோ. கதிரை காணாது, பாய் இருக்கிறது. நிலத்தில் இருந்து எழும்ப ஏலாதவர்கள் எனக்கு முதலே சொல்லுங்கோ, பக்கத்து வீட்டில் வாங்கு கேட்டு வைக்கிறேன்.